கீழக்கரையிலிருந்து துபாய் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் சபராளி, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர், இல்லாத தெரு கிடையாது. முதல் தடவையாகப் பயணம் போகும் பிள்ளைகளும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. கீழக்கரையைப் புறப்படும் ஊராகவும் துபாயைச் சேரும் ஊராகவும் வைத்திருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அரை மணி, முக்கால் மணி முன்பின் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரைக்கும் துபாய்க்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்?

நேர்கோட்டு வான்தூரம் ஏறக்குறைய 3,050 கி.மீ. மதுரை விமான நிலையத்திலிருந்து அளந்தால் 2,950 கி.மீ. பூமி உருண்டை என்பதால் இது தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடு அல்ல, உருண்டையின் மேல் நூல் பிடித்தாற்போல் வரும் மிகக் குறுகிய வழி. விமானம் அந்த நூலின் மேலேயே போகாது. வான்வழிப் பாதைகள், கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு, இறங்கும் திசை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் வளைய வைக்கும்.

ஒருவர் 2,950 என்கிறார், இன்னொருவர் 1,830 என்கிறார், மூன்றாமவர் 1,590 என்கிறார். எது சரி?

மூன்றும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாகச் சொன்னது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 

விமானத்தில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்?

போகும்போது நாலு மணி முதல் நாலரை மணி வரை. வரும்போது பெரும்பாலும் நாலு மணியை ஒட்டி. இந்த வழியில் ஓடும் போயிங் 737, ஏர்பஸ் 320 ரக விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். அந்த வேகத்தில் வகுத்தால் மூன்றரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். மிச்ச நேரம் ஓடுதளம் வரை ஊர்ந்து போவதிலும், மேலே ஏறி இறங்குவதிலும், துபாய் வானத்தில் வரிசையில் நிற்பதிலும் போகிறது. டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது இந்த எல்லாம் சேர்ந்த நேரம்.

மதுரை, திருச்சி, சென்னை: துபாய்க்கு எது கிட்டே?

பலரை ஆச்சரியப்படுத்தும் பதில் இது. மதுரையிலிருந்து 2,950, திருச்சியிலிருந்து 2,940, சென்னையிலிருந்து 2,930 கி.மீ. வித்தியாசம் இருபது கிலோமீட்டர்தான். துபாயை நடுவாக வைத்து ஒரு வட்டம் போட்டால் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, சென்னை நாலும் கிட்டத்தட்ட அந்த வட்டத்தின் மேலேயே விழும். தெற்கே இருக்கிற மதுரை மேற்கேயும் தள்ளியிருக்கிறது. வடக்கே இருக்கிற சென்னை கிழக்கேயும் தள்ளியிருக்கிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. கொச்சி மட்டும் 2,780 கி.மீ. என்று சற்று உள்ளே நிற்கிறது.

ஆகவே ‘சென்னையிலிருந்து போனால் சீக்கிரம்’ என்பதும், ‘மதுரைதான் தெற்கே இருக்கிறதே, தூரம் கூடுதலாக இருக்கும்’ என்பதும் வெறும் பேச்சு. வானத்தில் எல்லோருக்கும் ஒரே தூரம். வித்தியாசம் முழுக்கத் தரையில் இருக்கிறது.

அப்படியானால் எங்கே ஏறுவது நல்லது?

வீட்டு வாசலிலிருந்து அங்கே அறைக் கதவு வரை கணக்குப் போடுங்கள். விமான நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் 17 கி.மீ. அங்கிருந்து பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் வழியாக மதுரை 115 கி.மீ. அளவு. விமான நிலையம் மதுரை நகரத்துக்குத் தெற்கே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டாம். விரகனூரில் சுற்றுச்சாலையைப் பிடித்துப் போய்விடலாம். காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், பறப்பது நாலேகால், துபாயில் குடியேற்றச் சோதனை, பெட்டி, டாக்சி என்று ஒன்றரை மணி. மொத்தம் பதினொன்று பன்னிரண்டு மணி நேரத்தில் அறைக்குப் போய்விடலாம்.

சென்னை என்றால் சாலையில் 550 கி.மீ. ஒட்டி வரும், பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் பதினெட்டு, பத்தொன்பது மணி நேரம். ராத்திரி ரயிலில் போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரேயே இருக்கிறது.

தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கத்தவர்களுக்குத் திருச்சி ஒத்துவரும். தொண்டியிலிருந்து மதுரைக்குத் தேசிய நெடுஞ்சாலை 85 நேராகப் போகிறது. தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் திருச்சியில் வெளிநாட்டு விமானங்கள் எண்ணிக்கையில் அதிகம், நேரத்தைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட புதிய முனையமும் விசாலமானது. ஒரு விமானம் ரத்தானால் இன்னொன்றில் ஏற்றி அனுப்ப வழியிருக்கிற நிலையம் என்பது சின்ன விஷயம் இல்லை.

என் கணக்கில் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கத்துக்கு மதுரைதான். சென்னை டிக்கெட் இரண்டாயிரம் மூவாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் ரயில், சாப்பாடு, ஒரு நாள் அலைச்சல் எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் நிற்காது. கொச்சிக்குப் போவது இன்னும் வீண். வானத்தில் 170 கி.மீ. குறைகிறது என்று மலை தாண்டி ஒரு ராத்திரி முழுக்கச் சாலையில் உட்கார வேண்டும்.

மதுரை விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்?

விமானம் கிளம்பும் நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டி போடும் கவுண்டரைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மூடிய பிறகு யார் சிபாரிசு வந்தாலும் திறக்க மாட்டார்கள்.

பரமக்குடியிலிருந்து மதுரை வரை நாலுவழிச் சாலை. இராமநாதபுரம் – பரமக்குடி 46 கி.மீ. சொச்சம்தான் இடைஞ்சல், அதையும் நாலுவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை முடியும் வரை அந்தத் துண்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நாள் பார்த்து டிக்கெட் எடுப்பது இன்னும் முக்கியம். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. அந்த நாள்களிலும் அதற்கு முந்தைய நாள்களிலும் வண்டிகளைச் சுற்றி விடுவார்கள், சோதனைச் சாவடிகள் இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம் போகிற கூட்டம் சாலையை நிறைத்துவிடும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவும் அப்படித்தான். இந்த நாள்களில் பயணம் என்றால் முந்தின நாளே மதுரை போய்த் தங்கிவிடுவது நிம்மதி.

போகும்போது நேரம் கூடுதல், வரும்போது குறைவு. ஏன்?

காற்று. நம் கரையில் காற்றைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. கச்சான், வாடை, கொண்டல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் விமானம் பறக்கும் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வேறு காற்று வீசுகிறது.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடும். மேற்கே போகும் விமானம் பயணத்தின் பின்பாதியில் இதை எதிர்த்துப் போக வேண்டியிருக்கிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் போக வர நேரத்தில் அரை மணி வித்தியாசம் வருவது இதனால்தான்.

ஆனி, ஆடி, ஆவணியில் கதை தலைகீழ். அந்த மாதங்களில் நம் கரையில் மேற்கிலிருந்து கச்சான் புழுதியை வாரி அடிக்கும். அதே நேரத்தில், அதே இடத்துக்கு நேர் மேலே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் திபெத்திய மேட்டுநிலம் சூடேறுவதால் உருவாகும் இந்தக் கீழைக் காற்றோட்டத்தைப் பற்றி இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீசுவரம் 1958-ல் எழுதிய ஆய்வுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தென்மேற்குப் பருவமழையோடு பிறந்து அதோடு மறைகிற காற்று இது. அந்தப் பருவத்தில் துபாய் போகிற விமானத்துக்கு இது துணைக்காற்று. ஆகவே ஆகஸ்டில் போன ஒருவர் ‘நாலு மணிக்குள் இறக்கிவிட்டான்’ என்று சொன்னால் நம்புங்கள். ஜனவரியில் போனவர் ‘நாலரை ஆயிற்று’ என்றால் அதையும் நம்புங்கள்.

டிக்கெட்டில் 11 மணிக்கு ஏறி 1.45-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. இரண்டே முக்கால் மணிதானே?

இல்லை. புறப்படும் நேரம் இந்திய நேரம், சேரும் நேரம் துபாய் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. பகல் 1.45 துபாயில் என்றால் இங்கே 3.15. பறந்தது நாலேகால் மணி. திரும்பும்போது இதே கணக்கு பயமுறுத்தும்: அங்கே பிற்பகல் 3 மணிக்கு ஏறினால் மதுரையில் இறங்கும்போது இரவு 8.30. ஐந்தரை மணி நேரம் பறந்ததாகத் தோன்றும், உண்மையில் நாலுதான். அழைத்துவர கார் அனுப்புகிறவர்கள் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும்; அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

நோன்பு வைத்துக்கொண்டு பறந்தால் எந்த ஊர் நேரத்துக்குத் திறப்பது?

மதுரை நேரமும் இல்லை, துபாய் நேரமும் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சூரியன் மறைவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு என்பதே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பொதுவாகச் சொல்வது. இதில் கவனிக்க வேண்டியது, மேற்கே போகும்போது சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள். மதுரைக்கும் துபாய்க்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறைய 23 பாகை. பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிடம் என்பதால், பகல் ஒன்றரை மணி நேரம் நீண்டுவிடும். அதோடு, உயரத்திலிருந்து பார்க்கும்போது அடிவானம் கீழே இறங்கியிருக்கும். தரையில் மக்ரிப் (அந்தித் தொழுகை நேரம்) ஆகி மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் மேலே சூரியன் மறையும். கிழக்கே திரும்பும் விமானத்தில் இதற்கு நேர்மாறு, பகல் சட்டென்று முடிந்துவிடும். பயணிகளுக்கு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வைக்கும் சலுகையும் மார்க்கத்தில் இருக்கிறது. வயதானவர்களுக்கு அதை நினைவூட்டுங்கள்.

எமிரேட்ஸ் விமானம் ஏன் மதுரைக்கு வருவதில்லை?

ஓடுதளம் சிறிது என்று சிலர் சொல்வார்கள். மதுரையின் ஓடுதளம் 2,300 மீட்டர் அளவுதான், பெரிய விமானங்களுக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் முதல் தடை காகிதத்தில் இருக்கிறது. ஒரு நாட்டு விமான நிறுவனம் இன்னொரு நாட்டின் எந்த ஊருக்கு வரலாம் என்பதை இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. அமீரகத்துடனான ஒப்பந்தப் பட்டியலில் மதுரை இல்லை. அதனால் இந்திய நிறுவனங்கள்தான் மதுரையிலிருந்து துபாய்க்கு ஓட்ட முடியும். எமிரேட்ஸில்தான் போவேன் என்றால் சென்னை, திருவனந்தபுரம், கொச்சியில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து வளைகுடா போகிற கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பட்டியல் எப்போதோ திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பாகிஸ்தான் வான்வெளியை மூடினால் நம் விமானம் சுற்றிப் போகுமா?

போகாது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டபோது டெல்லி, அமிர்தசரஸ் பக்கத்து விமானங்கள்தான் சுற்றிப் போயின. நம் வழி கேரளத்தைக் கடந்து, அரபிக்கடலின் மேல் நெடுந்தூரம் போய், ஓமான் கரையில்தான் நிலத்தைத் தொடுகிறது.

சிங்கப்பூர், மலேசியா எவ்வளவு தூரம்?

கீழக்கரையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,920 கி.மீ. மேலே சொன்ன துபாய்த் தூரத்தைத் திரும்பிப் பாருங்கள்: 3,050. நம் கரை இரண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறது. திருச்சியிலிருந்து அளந்தால் இன்னும் நெருக்கம். துபாய் 2,940, சிங்கப்பூர் 2,980. கோலாலம்பூர் 2,690. திருச்சியில் ஏறினால் சிங்கப்பூருக்கு நாலேகால் மணி ஒட்டி, கோலாலம்பூருக்கு நாலு மணி. இரண்டு ஊரும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகின்றன.

பாட்டனார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்தார், பேரன் துபாயின் தேராவில் கடை வைத்திருக்கிறான் என்று ஒரே வீட்டில் இரண்டு திசையும் இருப்பது இந்தக் கரையில் சாதாரணம். அந்தக் காலத்தில் கிழக்கே போக நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறுவார்கள். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடி, 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே முடிந்துபோயிற்று. மேற்கே போகிறவர்கள் பம்பாய் வரை ரயிலில் போய், ‘துவாரகா’ கப்பலில் ஏறி மஸ்கட், துபாய் என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கினார்கள். 1982-ல் அதுவும் நின்றது. ‘கப்பலில் போக முடியுமா?’ என்று இன்றும் கேட்கும் பெரியவர்களுக்கு அதுதான் பதில்: இப்போது பயணிகள் கப்பல் இல்லை.

கொழும்பு வழியாகப் போனால் என்ன?

நேர்கோட்டில் பார்த்தால் கீழக்கரைக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். கொழும்பு விமான நிலையம் 260 கி.மீ., சென்னை விமான நிலையம் 440 கி.மீ. ஆனால் அங்கே போக நீங்கள் முதலில் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். கொழும்பிலிருந்து துபாய் 3,290 கி.மீ. தெற்கே போய்விட்டு மறுபடி வடமேற்கே திரும்புகிற வழி. டிக்கெட் மிகவும் மலிவாக இருந்து, இடையில் காத்திருக்கும் நேரம் குறைவாகவும் இருந்தால் யோசிக்கலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு வேண்டாம்.

நம் மாவட்டத்திலேயே விமான நிலையம் வருமா?

உச்சிப்புளியில் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். பருந்து’ தளம் இருக்கிறது; அது பொதுமக்களுக்கானது அல்ல. ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் மாதம் தமிழக அரசின் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வந்தாலும் முதலில் உள்நாட்டு விமானங்கள்தான் ஓடும். துபாய் போகிற கணக்கில் அதை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

தூரம் ஒன்றுதான், டிக்கெட் விலை மட்டும் ஏன் மூன்று மடங்கு ஏறுகிறது?

விலைக்கும் தூரத்துக்கும் சம்பந்தம் குறைவு. கூட்டத்துக்கும் விலைக்கும்தான் சம்பந்தம். அமீரகத்தில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அதன் தொடக்கத்தில் அங்கிருந்து வரும் டிக்கெட்டும், முடிவில் இங்கிருந்து போகும் டிக்கெட்டும் எகிறும். இரண்டு பெருநாள்களை ஒட்டியும் அப்படியே. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு அதே வாரத்தில் மலிவாகக் கிடைக்கும்.

பெட்டியில் என்ன கொண்டு போகக் கூடாது?

கசகசா. அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. உம்மா ஆசையாக இடித்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் பிரச்சினைதான், கேட்டுவிட்டு வையுங்கள். மருந்து மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சில வலி மாத்திரைகளுக்கும் மனநல மருந்துகளுக்கும் முன் அனுமதி தேவை. தொதல் இனிப்பைத் தாராளமாகக் கொண்டு போகலாம், கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். கருவாட்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இரண்டு உறை போடாவிட்டால் பெட்டியில் இருக்கும் புதுச் சட்டையெல்லாம் மணக்கும்.

வேலை விசாவில் போகும் தம்பிகளுக்கு ஒன்று: பத்தாம் வகுப்பு முடிக்காமல், பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை இருந்தால், அந்த அனுமதியை வாங்காமல் விமான நிலையம் வரை போய்ப் பயனில்லை. அமீரகமும் மலேசியாவும் அந்த நாடுகள் பட்டியலில் இருக்கின்றன.

வாப்பாவுக்கு முட்டிவலி. நாலு மணி நேரம் தாங்குவாரா?

விமானத்தில் உட்காருவதைவிட விமான நிலையத்தில் நடப்பதுதான் அவருக்குக் கஷ்டம். துபாய் விமான நிலையத்தில் நடை நீளம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள். உள்ளே நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் மாத்திரையும் பிஸ்கட்டும் கைப்பையில் இருக்கட்டும். மதுரைக்குப் போகிற மூன்று மணி நேரக் கார் பயணத்திலும் மானாமதுரையில் ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடக்க விடுங்கள்.